தாத்தா வைத்துவிட்டுப் போன கடன்

உங்கள் தாத்தா ஊருக்கு ஒரு குளம் வெட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு கல்வெட்டு, அதில் அவர் பெயர். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரைச் சாயங்காலம் அந்தப் பக்கமாக ஒரு நடை கூட்டிக்கொண்டு போவீர்களா, மாட்டீர்களா? கண்டிப்பாகப் போவீர்கள். ‘‘இது எங்க தாத்தா வெட்டினதுங்க’’ என்பீர்கள். நீங்கள் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பெருமை உங்கள் பெயருக்குப் பட்டா மாறி வந்துவிடுகிறது. யாரும் ஆட்சேபிப்பதில்லை.

அதே தாத்தா, அந்தக் குளத்தில் ஒரு தெருக்காரர்களை மட்டும் இறங்கவே விடவில்லை என்று யாராவது ஞாபகப்படுத்தினால்?

‘‘அது அந்தக் காலம்ங்க. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?’’

குளம் நமக்கு, மற்றதெல்லாம் அந்தக் காலத்துக்கு! நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதி, பற்றைக் கிழித்துப் போட்ட இந்த மாதிரிப் பேரேட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்தப் பேரேட்டை இப்போது நான் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் ஸ்விட்சர்லாந்து. ஆமாம், அதே ஸ்விட்சர்லாந்துதான். நமக்குத் தெரிந்த ஸ்விட்சர்லாந்தில் பனி மலை, அதில் ஹீரோயின் மெல்லிசாக ஒரு சேலையில் நடுங்கிக்கொண்டே ஆடும் டூயட், சாக்லேட், வாட்ச், அப்புறம் நம் ஆட்கள் பணம் பதுக்குவதாகச் சொல்லப்படும் பேங்க் ஆகியவை உண்டு. அந்த நாட்டு மியூசியங்களில் சில வருடங்களாக நடக்கிற கண்காட்சிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தங்கள் வீட்டு அழுக்குத் துணியைத் தாங்களே எடுத்து, விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்துக் காட்டுகிறார்கள்.

சூரிச் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி, கோட்டை மாதிரி ஒரு கட்டடம். அதுதான் அவர்களுடைய தேசிய அருங்காட்சியகம். 1898-ல் திறந்தது. 2024 செப்டம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை அங்கே நடந்த கண்காட்சியின் பெயரே ‘காலனியம்’. விஷயம், ஸ்விட்சர்லாந்துக்கும் காலனி ஆதிக்கத்துக்கும் உள்ள தொடர்பு.

‘ஸ்விட்சர்லாந்துக்கு ஏதய்யா காலனி?’ என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலே இல்லாத நாடு. யார் சண்டைக்கும் போகாத நாடு. பீரங்கி கொண்டுபோய் எந்த ஊரையும் பிடிக்கவில்லை. எல்லாம் வாஸ்தவம். ஆனால் 18-ம் நூற்றாண்டில் பாஸல், நூஷாட்டெல் பக்கத்து வியாபாரிகள் சிலர், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிப்போன கப்பல்களில் பங்கு போட்டிருக்கிறார்கள். கடல் இல்லாவிட்டால் என்ன, கடிதம் எழுதிப் பணம் அனுப்ப முடியாதா?

இதில் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. நிஜமாகவே நூல்தான். நம் சோழமண்டலக் கரையிலிருந்து சாயவேர்ச் சிவப்பும் நீலமுமாகப் பூப்போட்ட சீட்டித் துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பெண்களெல்லாம் அதற்குப் பைத்தியமானார்கள். உள்ளூர் நெசவுக்காரர்கள் கூச்சல் போட, பிரான்ஸ் 1686-ல் அந்தத் துணிக்கே தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. மத நெருக்கடியில் பிரான்ஸிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டன்ட்டுகள் ஜெனீவாவிலும் நூஷாட்டெல்லிலும் பட்டறை போட்டு, நம் துணியைப் பார்த்து அதே மாதிரி அச்சடித்தார்கள். அந்தத் துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே துணியைக் கொடுத்து ஆளை வாங்கினார்கள். 2019-ல் இதே சூரிச் மியூசியம் அந்தத் துணிகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. துணியின் அழகைக் காட்டினார்கள். அந்தத் துணி எதற்கு விலையாகப் போனது என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள்.

எங்கள் காமர்ஸ் பாடத்தில் ‘ஸ்லீப்பிங் பார்ட்னர்’ என்று ஒருவர் வருவார். பணம் போடுவார், கடைப் பக்கமே வர மாட்டார். லாபம் மட்டும் வீட்டுக்கு வரும். இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டம் 1932 என்ன சொல்கிறது தெரியுமா? தூங்கினாலும் பார்ட்னர் பார்ட்னர்தான். கடை கடனில் மூழ்கினால் அவரும் கட்ட வேண்டும். ‘நான் கல்லாவிலேயே உட்காரலீங்களே’ என்ற பேச்சு செல்லாது.

நூஷாட்டெல் ஊரின் நடுவில் டேவிட் டி பூரி என்று ஒருவருக்குச் சிலை உண்டு. (பேரே அதுதான், சிரிக்காதீர்கள்.) லிஸ்பனில் உட்கார்ந்து வைரமும் பிரேசில் மரமும் வியாபாரம் செய்தவர். அடிமை உழைப்பில் நடந்த தொழில்களிலும் அவர் பணம் இருந்தது. 1786-ல் சாகும்போது சொத்தைத் தன் ஊருக்கே எழுதி வைத்தார். ஊர் செழித்தது. 1855-ல் நன்றியோடு சிலை வைத்தார்கள். 2020-ல் யாரோ ராத்திரியில் அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டை ஊற்றிவிட்டுப் போனார்கள். ‘எடு’ என்று ஒரு கட்சி, ‘எடுக்காதே’ என்று ஒரு கட்சி. நகரசபை எடுக்கவில்லை. இவர் யார், பணம் எப்படி வந்தது என்று விளக்கிப் பலகை வைத்தது. பக்கத்திலேயே அதே மனிதர் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு சிலையும் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு சிலைக்குப் பக்கத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ் ஓடாது.

ஆனால் என்னை உலுக்கியது இவையெல்லாம் இல்லை. அவர்கள் நாட்டுக் குழந்தைகளின் கதை.

ஆல்பர்ட் ஆங்கர் என்று 19-ம் நூற்றாண்டு ஓவியர். ஸ்விஸ்காரர்களுக்கு அவர் படங்கள் என்றால் உயிர். கிராமத்துக் குழந்தைகளாக வரைந்து தள்ளியிருக்கிறார். ஸ்லேட்டோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பின்னல் போடும் பெண் குழந்தை, தாத்தா மடியில் தூங்கும் சிசு. ஆப்பிள் கன்னம், சுத்தமான உடுப்பு. ‘அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம்’ என்று பெருமூச்சு விட வைக்கிற படங்கள்.

அதே கிராமங்களில் இன்னொரு வகைக் குழந்தைகளும் இருந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளை, கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை, கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை. இவர்களை ஊர் அதிகாரிகளே பிரித்துக் கொண்டுபோய்ப் பண்ணைகளில் வேலைக்கு விட்டார்கள். சில ஊர்களில் ஏலம் நடந்தது. எப்படிப்பட்ட ஏலம் தெரியுமா? ‘இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஊர்ப் பணத்திலிருந்து எனக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்’ என்று யார் ஆகக் குறைவாகக் கேட்கிறானோ, அவன் கையில் பிள்ளை. நம் பொதுப்பணித்துறை டெண்டர் மாதிரி! குறைந்த காசுக்குக் கேட்டவன் சாப்பாடு எவ்வளவு போட்டிருப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகையில் படுக்கை, விடியுமுன் வேலை, அடி, அதற்கு மேலும் சிலது. ஏலம் நின்ற பிறகும், பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் வழக்கம் 20-ம் நூற்றாண்டில் வெகுதூரம் வந்திருக்கிறது. அவர்களில் பலர் இப்போது கிழவர்களாக, கிழவிகளாக உயிரோடு இருக்கிறார்கள்.

2009-ல் பெர்ன் நகரில் அவர்களைப் பற்றிய கண்காட்சி தொடங்கி, அப்புறம் ஊர் ஊராகப் போனது. அதில் முக்கியமான காட்சிப் பொருள் குரல்தான். போய் நின்று காதில் வைத்தால், எழுபது எண்பது வயதுக்காரர் தன் எட்டு வயதைச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கூட்டிவந்து கேட்க வைத்தார்கள். 2013 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சர் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017-ல் சட்டம் வந்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் வரை கொடுத்தார்கள். பிள்ளைப் பிராயம் முழுக்கப் போனதற்கு அது ஈடா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டியது அடித்த பண்ணைக்காரன் இல்லை, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்றைக்கு வரி கட்டுகிறவன் கட்டினான். அவன் அடிக்கவில்லை. ஆனாலும் கட்டினான்.

ஸ்விஸ்காரர்களை நான் ஒன்றும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் செத்த யூதர்களின் பேங்க் கணக்குகளைத் தோண்ட வெளிநாட்டிலிருந்து நெருக்கடி வர வேண்டியிருந்தது. 1998-ல்தான் 125 கோடி டாலருக்கு பேங்க்குகள் சம்மதித்தன. கண்காட்சி வைப்பது, கணக்குத் தீர்ப்பதைவிட மலிவான காரியம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வைக்கிறார்களே. சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தான காலத்துச் சொத்து. சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டில் இதுதான் பெரிய அரசு மியூசியம் என்பார்கள். பாடம் செய்த மிருகங்கள், பாறைகள், வாள், வேல், வெண்கலச் சிலைகள், செப்பேடுகள், ஒரு பக்கம் அம்மனும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் உள்ள அம்மன் காசு. இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்பட நிறைய உண்டு. சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியம் ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டது. ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று ஊரே முகம் சுளித்தபோது முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொண்டவர் இங்கே ராஜாவாக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகியதும் இங்கேதான். என்னைக் கேட்டால் அந்த சைக்கிளில் ஒன்றை வாள்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இதெல்லாம் வரவு. பற்று?

‘கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்த ஊர்தானே’ என்று வெளியூரில் யாராவது புதுக்கோட்டைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும். 1959-ல் சிவாஜி நடித்த படம் வந்த பிறகு இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. நடந்தது இதுதான். பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்தார். திருக்களம்பூர் பக்கத்துக் காட்டில் விஜய ரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்து கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. பாளையக்காரர் சண்டைகளில் செய்த உதவிக்கெல்லாம் சேர்த்து கம்பெனி 1803-ல் தொண்டைமானுக்குக் கீழாநிலைக்கோட்டைப் பகுதியைக் கொடுத்தது. பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்று பேச்சு. அந்த யானையை அவர்கள் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. 1836-ல் தள்ளுபடியே செய்துவிட்டார்கள்.

‘தொண்டைமான் கம்பெனியின் நட்பு ராஜா, கேட்டால் கொடுத்துத்தானே ஆகணும்? கட்டபொம்மன் என்ன இவருக்கு உறவா?’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான். அன்றைக்கு ‘தேசம்’ என்ற சொல்லே இன்றைய அர்த்தத்தில் இல்லை. ஆனால் அதே நட்பினால்தான் புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானமாக நின்றது. தனிக் காசு, தனி திவான், இந்த மியூசியம் எல்லாம் அந்த மரத்தில் காய்த்தவை. காயை ருசித்துவிட்டு வேரைப் பற்றிக் கேட்டால் மட்டும் ‘அது அந்தக் காலம்’ என்கிறோம்.

இங்கே ஒரு சட்டச் சங்கதி. இந்துச் சட்டத்தில் அப்பா பட்ட கடனை மகன் அடைக்க வேண்டியது தர்மக் கடமையாக இருந்தது. பேரன், கொள்ளுப்பேரன் வரை அது தொடரும். ஆனால் குடித்தும் சூதாடியும் பட்ட கடனுக்கு மகன் பொறுப்பில்லை என்று சாஸ்திரமே விலக்கும் கொடுத்திருந்தது. அப்பன் பாவம் பிள்ளைக்கு ஒட்டாது என்று பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள்! 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த தர்மக் கடமையை இனி வரும் கடன்களுக்கு அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆகவே தாத்தா கடனுக்காக உங்கள் சம்பளத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஒன்று மாறவில்லை. செத்தவர் விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், வந்த சொத்தின் அளவுக்குக் கடன்காரன் உங்களிடம் கேட்கலாம். சொத்து வேண்டாம் என்றால் கடனும் வேண்டாம். சொத்து வேண்டும் என்றால்...

எனக்கு இது மிகச் சரியான கணக்காகப் படுகிறது. யாரோ செய்த தப்புக்கு நான் குற்றவாளி இல்லை. ஆனால் அந்தத் தப்பில் விளைந்த எதை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேனோ, அந்த அளவுக்கு நான் கடன்காரன்.

கட்டபொம்மன் விஷயத்தில் இதை ஒப்புக்கொள்வது சுலபம். 220 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, யாருக்கும் வலிக்காது. லண்டன்காரனிடம் கேட்பது அதைவிட சுலபம். 1898-ல் இந்த ஊர் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பல இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ‘கொண்டா அதை’ என்று நாம் சத்தம் போடலாம். அடுத்தவன் பேரேட்டைத் தணிக்கை செய்வதற்குத் துணிச்சலே தேவையில்லை.

சித்தன்னவாசல் இருக்கிற அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. செய்தது யார் என்பதில் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மூவரும் பாதிக்கப்பட்ட மக்களிலேயே சிலர் என்றது அது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. அது கோர்ட் விஷயம், நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது அப்போது வெளியே வந்த இன்னொன்று. கலெக்டரும் எஸ்.பி.யும் ஊருக்கு விசாரிக்கப் போனபோது, டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் என்று மக்கள் சொன்னார்கள். கடைக்காரர்மீது வழக்குப் பதிவானது. கோயிலுக்குள்ளும் விடுவதில்லை என்றார்கள். கலெக்டரே உள்ளே கூட்டிப் போனார். வருஷம் 1822 இல்லை. 2022. எல்லார் கையிலும் செல்போன்.

அந்த டம்ளரைத்தான் நான் திருக்கோகர்ணம் மியூசியத்தில் வைக்கச் சொல்கிறேன்.

‘‘ஏங்க, இதையெல்லாமா மியூசியத்துல வைப்பாங்க? ஊர் மானம் போகாதா?’’ என்றார் நண்பர் ஒருவர். ஊர் மானம் டம்ளரை மியூசியத்தில் வைத்தால் போகுமாம், கடையில் வைத்திருந்தபோது போகவில்லையாம். போகட்டும். அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் உண்டு.

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி வேறு. அந்த டம்ளரில் குடித்தவர் கேட்கலாம்: ‘‘நான் பட்ட அவமானம் போதாதா? அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, ஸ்கூல் பிள்ளைங்க வந்து வேடிக்கை பார்க்கணுமா? என் பேரனும் அந்த வரிசையில நிப்பானே?’’ இதற்கு என்ன சொல்வது? அவமானத்தைக் காட்சிக்கு வைத்தால், பட்டவர் இரண்டாம் தரமும் படுகிறார். பெர்ன் கண்காட்சியில் அந்த முதியவர்கள் தாங்களே பேச முன்வந்தார்கள். அவர்கள் சம்மதித்ததைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். அதனால் இங்கேயும் முதலில் கேட்க வேண்டியது கலெக்டரையோ கியூரேட்டரையோ இல்லை, அந்தத் தெருக்காரர்களை. அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் பேச்சு முடிந்தது. கடன் கொடுத்தவனுக்குத்தான் எப்போது, எப்படிக் கேட்பது என்று சொல்லும் உரிமை. கடன்பட்டவன் தன் திருப்திக்காக நடுத்தெருவில் வசூல் நாடகம் போடக் கூடாது.

அவர்கள் சரி என்றால், விளக்கப் பலகையில் எழுதும் வாசகத்தில் கவனம் வேண்டும். ‘தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்திய குவளை’ என்று எழுதினால் பாதிப் பொய். அதை அவர்கள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தவில்லையே. வைத்தவர் கை ஒன்று இருக்கிறது, பக்கத்து பெஞ்சில் வேறு டம்ளரில் குடித்துக்கொண்டே பார்த்தும் பார்க்காமல் இருந்த கண்கள் பல இருக்கின்றன. பலகை அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். நானும் நீங்களும் எந்த ஊர் டீக்கடையிலும் போய் உட்கார்ந்தவுடன், ‘நீங்க யாரு, எந்தத் தெரு?’ என்று கேட்காமல் டீ வந்துவிடுகிறது இல்லையா, அதுதான் நம் கைக்கு வந்திருக்கும் சொத்து. நாம் சம்பாதித்தது இல்லை. தாத்தா வைத்துவிட்டுப் போனது.

அதனால் மியூசியத்துக்கு அந்த ஒரு டம்ளர் மட்டும் போதாது. எங்களுக்கு டீ கொடுத்த டம்ளரும் அதே கடையிலிருந்து வர வேண்டும், இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், கீழே இரண்டுக்கும் ஒரே தேதி. பெரிய இடம் வேண்டியதில்லை, ஒன்றரை அடி அகலம் போதும். அம்மன் காசு இருக்கிற பக்கம் கொஞ்சம் ஒதுக்கினால் கிடைக்கும்.